நூற்றைம்பது அடி தோசை

இனி ஆயுசுக்கும் பாக்டரிக்கு லேட்டாகப் போவதில்லை என்று பக்தவத்சலம் சபதம் எடுத்தபோது, தோசைக்கல் இன்னும் அடுப்பிலேயே ஏறவில்லை.

குற்றம் அவர் மேல் இல்லை. மனைவி சாந்தகுமாரி. பெயரில் இருந்த சாந்தம் கையிலும் இறங்கியிருந்தது. அவள் ஒரு தோசையை வார்த்துத் திருப்புவதற்குள், கட்கி ஸ்டேஷனில் கிளம்பிய லோக்கல் ரயில் ஒரு மணி நேரத் தூரத்திலிருக்கும் லோனாவலா போய்த் திரும்பிவிடும். வெறும் வயிற்றோடு கிளம்பலாம் என்றால் வயிறு சம்மதிக்கவில்லை. இன்னொரு முறை லேட்டானால் பிரமோஷனை மறந்துவிடலாம் என்று சூப்பர்வைசர் வேறு சொல்லிவிட்டார்.

பக்தவத்சலத்துக்கு டிரம்ஸ் பைத்தியம். அவர்கள் குடியிருந்த போபோடி சந்து வீட்டில் டிரம்ஸ் வைக்க இடமில்லை; அடிக்க அனுமதியும் இல்லை. ஆகவே செகண்ட் ஹாண்ட் கம்ப்யூட்டரில் ரிக்கார்டிங் சாஃப்ட்வேர் போட்டு, கட்டம் கட்டமாகப் புள்ளி வைத்து வாசித்துக்கொண்டிருந்தார். திரையின் உச்சியில் ஒரு கோடு. மேலே இழுத்தால் அடி வேகமாகும். கீழே இழுத்தால் மெதுவாகும்.

ஒருநாள் அப்படி வாசித்தபோது, சமையலறையில் சாந்தகுமாரி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி தாளத்தோடு நடந்தது. அவர் கோட்டைக் கொஞ்சம் உயர்த்தினார். கத்தி ஓடியது!

மறுநாள் காலையில் ஸ்பீக்கர் சமையலறைப் பக்கம் திரும்பியது.

"என்னங்க, காலங்காத்தால டமால் டுமீல்னு?"

"புது டிராக் சாந்தா. டெம்போ மாறுது, கவனி."

"டெம்போவா? எதுக்கு, வீடு மாத்தறோமா?"

"சாமான் ஏத்தற டெம்போ இல்லடி. தாளத்தோட வேகம். நீ தோசையைப் பாரு."

நிமிஷத்துக்கு எண்பது அடியில் யாருக்கும் சந்தேகம் வராமல் கிளம்பிய தாளம், நூற்றிருபதுக்கு ஏறியது. தோசைகள் வந்தன. நூற்றைம்பதில் தோசைகள் பறந்தன.

ஆனால் காது அவருக்கும் இருந்தது. வாயும் அதே வேகத்தில் மென்றது. நிறுத்த முடியவில்லை. வாய் நிறைய தோசையோடு அவர் "போதும்! போதும்!" என்று கதறியது, அவளுக்குப் "போடும்! போடும்!" என்று கேட்டது.

"போடறேன், போடறேன். இதுக்குப் போய் இவ்வளவு மரியாதையா!"

அன்று அவர் பாக்டரி கேட் திறப்பதற்கு முன்பே போய், வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு வாரத்தில் சட்டைப் பித்தான்கள் வேலையை ராஜினாமா செய்தன. ஆனாலும் லேட் இல்லை. உலகத்திலேயே மனைவியை வேகப்படுத்திய ஒரே ஆண்மகன் என்று உள்ளுக்குள் மாலை போட்டுக்கொண்டார்.

இதில் அவர் யோசிக்காத விஷயம் ஒன்று. வேலை சீக்கிரம் முடிந்ததால் சாந்தகுமாரிக்குப் பகல் பூராவும் மிச்சம். அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். தினமும் கோலம் போடுகிறவளுக்குப் புள்ளியும் கோடும் புதுசா என்ன?

ஞாயிற்றுக்கிழமை பக்தவத்சலம் காலை நீட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். டிரம்ஸ் கேட்டது. கால் ஆடியது. எழுந்தார். கையில் துடைப்பம் எப்படி வந்தது என்று அவருக்கே தெரியாது. வீடு பெருக்கினார். ஃபேன் துடைத்தார். தாளம் ஏறியது. போர்வைகளைத் துவைத்து, பிழிந்து, உதறி, கடைசியில் தண்ணீர் டிரம்முக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சாந்தா! நிறுத்துடி!"

சாந்தகுமாரி நாற்காலியில் சாய்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் கேக்கலீங்க. காதுல பஞ்சு."

பாட்டு முடிந்து அவர் தரையில் சரிந்தபோது, பக்கத்து வீட்டு ஷபானா வாசலில் நின்றாள். ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள் போலிருக்கிறது.

"அக்கா, எங்க வீட்டுக்காரருக்கும் இந்தப் பாட்டு ஒரு சிடியில கிடைக்குமா? மனுஷன் குடிச்ச டம்ளரைக்கூட நகர்த்த மாட்டார்."

"அதுக்கென்ன ஷபானா! என்னங்க, ஒண்ணு எழுதிக் குடுங்க."

ஷபானாவின் வீட்டுக்காரர் ரஃபீக் பாயை நினைத்து பக்தவத்சலத்தின் நெஞ்சு கரைந்தது. ஆணுக்கு ஆண் இந்த உதவிகூடச் செய்யாவிட்டால் எப்படி? தள்ளாடி எழுந்துபோய், மௌஸைப் பிடித்து, கோட்டை மெல்லக் கீழே இழுக்கப் பார்த்தார்.

"அதைத் தொடாதீங்க. இவ கேப்பான்னு தெரிஞ்சு, அவருக்குன்னு தனியா இருநூறு வரைக்கும் போட்டு வெச்சிருக்கேன்" என்றாள் சாந்தகுமாரி. "நீங்க சிடியை மட்டும் உள்ளே தள்ளுங்க. அப்புறம், அட்டையில 'இசை: பக்தவத்சலம்'னு பெரிசா எழுதிடுங்க. யாரைத் திட்டணும்னு ரஃபீக் பாய்க்குத் தெரிய வேணாமா?"