அடைப்புக்குறிக்குள் ஆபத்து

படிக்காமல் தப்பு செய்தவனை மன்னித்துவிடலாம். கண்ணெதிரே 'ஆபத்து' என்று எழுதியிருந்ததைப் படித்த பிறகும் 'சரி' என்று தட்டியவனை என்ன செய்வது? அந்த மகராசன் நான்தான்.

தொண்ணூறுகளின் கடைசி. கம்ப்யூட்டர் படித்துவிட்டு வேலை கிடைக்காமல், சிங்காநல்லூரில் கல்யாணத் தகவல் மையம் நடத்திய தாய்மாமாவிடம் ஒட்டிக்கொண்டிருந்தேன். முறை பார்ப்பதில் மாமா கெட்டி. எங்கள் பக்கம் ஒரே கூட்டத்தில், அதாவது ஒரே குலத்தில், பிறந்தவர்கள் பங்காளிகள், அண்ணன் தங்கை முறை. பெண் எடுப்பது கொடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. யார் எந்தக் கூட்டம் என்பதெல்லாம் மாமாவின் நோட்டுகளில் இருந்தது. நோட்டுகளைப் பரணில் போட்டுவிட்டு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். (அதோடு நிறுத்தித் தொலைத்திருக்கலாம்.)

அதில் விண்டோஸ் இருந்தது. எனக்கோ அதற்கு மாற்றாக வந்திருந்த லினக்ஸ் மேல் பைத்தியம். அதையும் பக்கத்திலேயே போட்டுவைத்தேன். விண்டோஸ் பக்கத்து ஃபைல்களை லினக்ஸிலிருந்து படிக்கலாம், எழுத முடியாது. எழுத வேண்டுமென்றால் சிஸ்டத்துக்கே ஆதாரமான கெர்னலில் ஒரு வசதியைத் திறந்துவிட வேண்டும். அது இன்னும் பரிசோதனையில் இருப்பது என்று சொல்லி, அடைப்புக்குறிக்குள் 'ஆபத்து' என்றும் போட்டு, வேண்டுமா என்று கேட்டிருந்தார்கள். பாவம், எழுதியவர்கள் மேல் குற்றமே இல்லை. இதெல்லாம் கத்துக்குட்டிகளுக்கு என்று நினைத்து, 'சரி' என்பதற்கு Y தட்டினேன்.

கெர்னல் தயாராக மூன்று மணி நேரம். அப்புறம் லினக்ஸிலிருந்தே எல்லா வரன்களின் விவரத் தாள்களையும் ஒரே மூச்சில் திருத்தி எழுதினேன். நாலைந்தைத் திறந்து மேல்பாதியைப் பார்த்தேன், ஜோராக இருந்தது. பலருடைய கீழ்ப்பாதி அடுத்தவர் தாளுக்குப் போயிருந்ததைப் பார்க்கவில்லை. கூட்டம், குலதெய்வம் எல்லாம் கீழ்ப்பாதியில்தான்.

அந்த மாதம்தான் என் அக்காவுக்கு அந்தியூர் வரன் வந்தது. பெயர் செந்தில். அதற்குமுன் ஒன்பது பேர் வந்து பலகாரம் தின்றுவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள். இனி எவன் முன்னாலும் வந்து நிற்க மாட்டேன் என்றிருந்தவளை, இது கம்ப்யூட்டர் பார்த்த வரன் என்று நான்தான் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தேன். மாமா செந்திலின் தாளைப் பார்த்தார். வேறு கூட்டம். முறையெல்லாம் பார்த்தாகிவிட்டது என்று இரண்டு வீட்டுக்கும் போன் போட்டார். மாமா சொன்னால் அதற்குமேல் யாரும் விசாரிப்பதில்லை.

பெண் பார்க்க வந்தார்கள். செந்திலும் அக்காவும் கொல்லைப்புறத்தில் பத்து நிமிஷம் பேசினார்கள். அவர் என்ன சொன்னாரோ, அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். அடுப்படிக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குப் புடிச்சிருக்குடா. அம்மாகிட்ட நீயே சொல்லீரு" என்றாள்.

முன்னறையில் செந்திலின் அப்பா, சும்மா பேச்சுக்கு, எங்கள் அப்பாவிடம் எந்தக் கூட்டம் என்று கேட்டார். அப்பா சொன்னார்.

"நாங்களும் அதேதானுங்களே" என்றார் அவர்.

மாமா கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் கீழ்ப்பாதி வேறு யாருடையதோ என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அம்மா உள்ளே போய் அக்காவிடம் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து அக்கா காப்பியோடு வந்து செந்தில் முன்னால் வைத்தாள்.

"காப்பி ஆறுதுங்கண்ணா" என்றாள்.

"சரி அம்மணி" என்று, தங்கையிடம் சொல்வதுபோல் சொல்லி, அவர் எடுத்துக்கொண்டார்.

மாமாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. "நோட்டையெல்லாம் எறக்கு கண்ணு" என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டு வருஷம் கழித்து அக்காவுக்கு வேறிடத்தில் கல்யாணம். செந்தில் அண்ணன் முறைக்குப் புடவையோடு வந்தார். அக்கா மகளுக்குக் காது குத்தியபோது தாய்மாமன்கள் இரண்டு பேர், நானும் அவரும். "ஊருல கம்ப்யூட்டர் மாப்பிள்ளை தேடிக் குடுக்கும். எங்க பையன் அக்காளுக்கு அண்ணனைத் தேடிக் குடுத்தான்" என்று மாமா இன்றைக்கும் ஒரு விசேஷம் விடாமல் சொல்கிறார். எல்லோரும் சிரிப்பார்கள், அக்காவும்தான்.

ஒருநாள் அவளிடம் தனியாக, அந்த 'ஆபத்து' விஷயத்தையும் சொல்லி, மன்னிப்புக் கேட்டேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை.

"உன்னையாவது அந்தக் கம்ப்யூட்டரு ஒரு வார்த்தை கேட்டுச்சுடா, வேணுமா வேண்டாமான்னு. என்னைய ஆரும் கேக்கல."

அதற்குப் பிறகு மாமா அந்தக் கதையை எடுத்தால், காப்பி போடுகிறேன் என்று நான் எழுந்து உள்ளே போய்விடுகிறேன்.