ஆல்ஃபா மேடமும் அரைக்கிலோ பட்டாணியும்

வைதேஹி பட்டாணிப் பையோடு வந்து அலுவலகப் புல்வெளியில் உட்கார்ந்ததும், அங்கே வெயில் காய்ந்துகொண்டிருந்த நாலு பெண்களும் எழுந்து நின்றார்கள்.

"என்னடி ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. நீங்க உக்காருங்க மேடம்," என்றாள் உஷாராணி.

மேடமாம். பதினோரு குளிர்காலமாக, மதிய இடைவேளையில், இதே புல்லில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு பட்டாணி உரித்தவள். மதுரைக்காரி. முந்தாநாள் வரைக்கும் வாயைத் திறந்தால் 'ஏய் வைதேஹி'தான்.

எல்லாம் அந்தப் பயிற்சி வகுப்பால் வந்தது. ஊழியர்களுக்கு ஆளுமை வளர வேண்டும் என்று மேலே யாருக்கோ தோன்றி, குர்கானிலிருந்து ஸ்ரீவத்ஸன் என்ற இளைஞனை வரவழைத்திருந்தார்கள். டில்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன்.

"கப்பல் முழுகுது. படகுல ஒருத்தருக்கு இடமில்ல. யாரை விட்டுட்டுப் போவீங்க? டிஸ்கஸ் பண்ணுங்க," என்றான்.

டாக்டரையா, கர்ப்பிணியையா என்று ஐந்து பெண்களும் அடித்துக்கொண்டதில் மணி ஐந்தேகால் ஆகிவிட்டது. ஐந்தரைக்கு, ஊழியர்களை வீட்டுக்குக் கொண்டுபோகிற சார்ட்டர்ட் பஸ். ஆளுக்கொரு சீட் உண்டு. ஆனால் யாருக்காகவும் நிற்காது. வைதேஹி எழுந்தாள். வாசலுக்கு முதுகைக் காட்டி நின்று, "போதும்! யாரையும் விட வேண்டாம். எல்லாரும் கிளம்புங்க!" என்று கத்தினாள்.

நாலு பேரும் படக்கென்று எழுந்தார்கள். ஸ்ரீவத்ஸனும்கூட.

"வாவ்! மேடம், நீங்க ஆல்ஃபா!" என்று சொல்லி, சான்றிதழிலும் அதை எழுதிவிட்டான்.

"அப்படின்னா?"

"கூட்டத்துக்குத் தலைமை. ஓநாய்க் கூட்டத்துல ஒண்ணு முன்னாடி போகும், மத்ததெல்லாம் பின்னாடி வரும் இல்ல, அந்த மாதிரி."

ஓநாய் என்றது உறுத்தினாலும், அன்று மாலை அவளுக்கு அது கொஞ்சம் பிடித்துத்தான் இருந்தது. நாற்பத்து மூன்று வயதில், அவள் சொல்லி யாரும் ஒரே தடவையில் எழுந்ததில்லை. மகன் கார்த்தியை டி.வி. முன்னாலிருந்து எழுப்ப மூன்று முறை சொல்ல வேண்டும். நாலாவது முறை அவளே போய் அணைக்க வேண்டும். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் குழம்பைக் கிளறும்போது தன் முதுகு வழக்கத்தைவிட நிமிர்ந்திருந்ததை அவளே கவனித்தாள்.

அந்த முதுகுக்கு இப்போது தண்டனை. நாலு பேரும் பக்கத்து வேப்பமரத்தடிக்கு நகர்ந்துவிட்டார்கள். அங்கே சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள் எட்டிப் பார்த்ததும் நின்றது. அரைக்கிலோ பட்டாணியைத் தனியாக உரிக்க இடைவேளை முழுக்கத் தேவைப்பட்டது.

மறுநாள் புளியோதரை செய்துகொண்டு போய், தன் கையாலேயே பரிமாறினாள். நாலு பேரில் ஒருவரான சாவ்லா மேடம் சாப்பிட்டு முடித்து விரலைத் துடைத்துக்கொண்டார்.

"அச்சா வைதேஹிஜி, இப்ப சொல்லுங்க. இதுக்கு நாங்க என்ன வேலை செய்யணும்?"

அதற்கடுத்த நாள் பணிந்து பார்த்தாள். "உஷா, நான் எங்க உக்காரட்டும்? நீயே சொல்லு."

உஷாராணி இரண்டடி பின்னால் போனாள். "டெஸ்ட் பண்றீங்களா மேடம்?"

செக்ஷனில் இருக்கிற சண்டையெல்லாம் அவள் மேஜைக்கு வர ஆரம்பித்தது. ஹீட்டரை எந்தப் பக்கம் திருப்புவது என்று அதிகாரியே வந்து கேட்டார். அவள் எந்தப் பக்கத்தைச் சொன்னாலும் மறுபக்கம் அவளைப் பார்த்து இருமியது.

ராத்திரி படுத்தால் வேறு யோசனை. ஒருவேளை நான் எப்போதுமே அதட்டிக்கொண்டுதான் இருந்தேனோ? பதினோரு வருஷமாக இவர்கள் பொறுத்துக்கொண்டு இருந்தார்களோ? காலையில் பால்காரரிடம் "ரெண்டு பாக்கெட்" என்று சொல்வதற்குக்கூட அவளுக்குத் தயக்கமாக இருந்தது. குரல் உயர்ந்துவிட்டால்?

சான்றிதழை எடுத்துக்கொண்டு, அடுத்த செக்ஷனுக்கு வகுப்பு எடுக்க வந்திருந்த ஸ்ரீவத்ஸனிடம் நேரே போனாள்.

"தம்பி, அந்த வார்த்தையை அழிச்சிடுங்க."

"ஆல்ஃபா ஆளுங்க முதல்ல இப்படித்தான் மறுப்பாங்க மேடம்."

"நான் ஆல்ஃபா இல்லைன்னு சொல்றேன்ல!" மேஜையில் கை பட்டு டீ சிந்தியது.

அவன் டீயைத் துடைத்துவிட்டு, சான்றிதழில் ஆல்ஃபாவுக்குக் கீழே ஒரு கோடு போட்டான். பிறகு இரக்கப்பட்டு, "சரி, வெள்ளிக்கிழமை மறுபடி அதே கேம் வைக்கறேன். நீங்க அதட்டலைன்னா மாத்திடறேன்," என்றான்.

வெள்ளிக்கிழமை அதே அறை, அதே முழுகுகிற கப்பல். இந்த முறை வைதேஹி வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள். வாயை மட்டும் மூடிக்கொண்டிருந்தால் போதும். திங்கட்கிழமை புல்வெளி வட்டத்தில் அவள் இடம் திரும்பக் கிடைத்துவிடும்.

ஐந்தேகால். நாலு பேரும் அவளையே பார்த்தார்கள். அவள் மின்விசிறியைப் பார்த்தாள்.

ஐந்து இருபது. "பஸ்ஸு..." என்று சாவ்லா மேடம் முனகினார். வைதேஹி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஐந்து இருபத்தைந்து. கீழே ஹாரன் அடித்தது.

"ஏய் வைதேஹி! சொல்லித் தொலையேன்டி!" என்று கத்தினாள் உஷாராணி.

ஏய்! வைதேஹிக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

கலகலவென்று ஓர் இரும்புச் சத்தம். அடுத்த நொடி நாலு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். ஸ்ரீவத்ஸனும் நின்றான். வைதேஹியும்தான், எப்போது எழுந்தாளென்று அவளுக்கே தெரியவில்லை.

"பிரமாதம் மேடம்! ஒரு வார்த்தைகூடச் சொல்லல, அப்பவும் எல்லாரும் எழுந்துட்டாங்க!" ஸ்ரீவத்ஸன் பேனாவைத் தேடினான். "இது அதுக்கும் மேல!"

வாசலில் சாவிக்கொத்தோடு பியூன் தர்மன் நின்றுகொண்டிருந்தார். சேலத்துக்காரர், அந்த மாடியின் அறைகளையெல்லாம் இருபது வருஷமாகப் பூட்டுகிறவர்.

"போன தடவையும் உங்க முதுகுக்குப் பின்னால நின்னு இதே மாதிரிதாம்மா சாவியைக் குலுக்கினேன். நீங்க போட்ட கத்தல்ல உங்களுக்குத்தான் கேக்கல."