பாகம் பிரித்த மேசை

சிவசங்கரன் ஆசாரி இழைப்புளியை ஒரு தள்ளுத் தள்ளினார். பலகை இழைபடவில்லை. அதைத் தாங்கிய மேசைதான் நகர்ந்து போய்ச் சுவரில் முட்டியது.

சத்தம் கேட்டு அவர் மனைவி சொர்ணவல்லி வந்தாள். சுவரில் ஒரு கை அகலத்துக்குச் சுண்ணாம்பு பெயர்ந்து கிடந்தது.

"கதவு செய்யிறீகளா, வீட்டை இடிக்கிறீகளா?"

"மேசைக்கு ரெண்டு கால்தானே இருக்கு, நான் என்ன செய்ய?"

"யாரு அறுக்கச் சொன்னது?"

ஆசாரி மேசையை இழுத்துப் பழைய இடத்தில் போட்டார். அவருடைய அப்பா செய்து வைத்த பத்தடி மேசை அது. ஆறு மாதத்துக்கு முன்னால் பாகம் பிரிந்தபோது, அண்ணனும் தம்பியும் அதைக் குறுக்கே சரிபாதியாக அறுத்து ஆளுக்கு ஐந்தடி எடுத்துக்கொண்டார்கள். நாலு காலில் இரண்டு இங்கே. இரண்டு, அடுத்த தெருவில் தம்பி ஆசைத்தம்பி வீட்டில். காரைக்குடியில் வீட்டைப் பிரித்தவர்கள் உண்டு, காட்டைப் பிரித்தவர்கள் உண்டு. இந்தக் கூத்தை அறுபத்தெட்டாம் வருஷம் இவர்கள் இருவரும்தான் நடத்திக் காட்டினார்கள்.

கால் இல்லாத முனையை ஒரு பெட்டி மேல் ஏற்றி வைத்துத்தான் ஆசாரி இத்தனை நாளும் ஓட்டினார். இப்போது வந்திருப்பது பள்ளத்தூர் கண்ணம்மை ஆச்சி வீட்டுக் கதவு. ஏழரை அடித் தேக்குப் பலகை. வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். அந்த வீட்டில் கல்யாணம். தவறினால் இனி ஆச்சி வீட்டு வாசலை மிதிக்க முடியாது.

சுவர் போனால் போகிறது என்று புதிதாக இரண்டு கால் அடித்தார். அவசரத்தில் ஈர மரத்தில் அடித்துவிட்டார். இரண்டே நாளில் அது காய்ந்து சுருங்கி மேசை ஆட ஆரம்பித்தது. ஆட்டத்தை நிறுத்த ஒரு காலைச் சீவினார். அது அந்தப் பக்கம் ஆடியது. அந்தப் பக்கத்தைச் சீவினார். கடைசியில் அப்பா வைத்த கால்களும் சேர்ந்து நாலு விரல் குட்டையாகிவிட்டன. ஆசாரியின் இடுப்பு பிடித்துக்கொண்டது.

அடுத்து, ஆட்டுக்கல்லை உருட்டி வந்து மேசைக்கு முட்டுக் கொடுத்தார்.

"இட்லிக்கு எதுல ஆட்டுறது?" என்றாள் சொர்ணவல்லி.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பழையது தின்னுக்கலாம்."

மேசை நின்றது. ஆனால் ஐந்தடி மேசையில் ஏழரை அடிப் பலகை எப்படிப் படுக்கும்? வெளியே நீட்டிக்கொண்டிருந்த முனை தொங்கிப்போய், இழைப்புளி ஓரிடத்தில் ஆழமாகக் கடித்துவிட்டது. பலகையில் பள்ளம். பள்ளத்தை மறைக்கச் சுற்றிலும் இழைத்தார். ஒன்றரை அங்குலக் கனம் ஒன்றேகால் ஆயிற்று. இன்னும் கொஞ்சம் சரிசெய்தால் கதவு மெலிந்து அப்பளமாகிவிடும் என்று அவருக்கே தெரிந்தது.

அன்று மத்தியானம் சொர்ணவல்லி யாரிடமும் கேட்காமல் அடுத்த தெருவுக்கு நடந்தாள்.

சாயங்காலம் ஆசைத்தம்பி தன் பாதி மேசையை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து நின்றான். அவன் பிழைப்பும் அழகுதான். மேசையை முற்றத்து வேப்பமரத்தோடு சேர்த்துக் கட்டி வேலை பார்த்திருக்கிறான். மழை பெய்தால் விடுமுறை.

"அண்ணி கேட்டாக, கொண்டாந்தேன். வெள்ளிக்கிழமை கதவு போனதும் எடுத்துக்கிட்டுப் போயிருவேன்" என்றான். முகம் பார்த்துப் பேசவில்லை.

தம்பி பாதியின் கால் இல்லாத முனைக்கு அந்தப் பழைய பெட்டியை முட்டுக் கொடுத்து, இரண்டு பாதிகளையும் ஒட்டி வைத்தார்கள். தம்பியின் பாதி நாலு விரல் உயரமாக நின்றது.

"அப்பா வச்ச காலையா சீவுனீக?" என்று கேட்டான் தம்பி.

அவ்வளவுதான் கேட்டான். ஆசாரியே குனிந்து தன் பாதிக்கு அடியில் செங்கல்லை வைத்தார். அறுத்த வாய் இரண்டும் இம்மி பிசகாமல் பொருந்தின. அப்படி நேராக அறுத்திருந்தார்கள். பாவிகள், சண்டையிலும் வேலை சுத்தம். அந்தப் பெரிய ரம்பத்துக்கு இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். ஒரு முனையை அண்ணன் பிடிக்க, மறுமுனையைத் தம்பி பிடிக்க, இருவரும் இழுத்த கடைசி வேலை அதுதான். தம்பி கையை எடுத்துவிடுவான், எடுத்துவிடுவான் என்று ஒவ்வொரு இழுப்புக்கும் ஆசாரி காத்திருந்தார். அவன் எடுக்கவில்லை. இவரும் எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம். அதை நினைத்து இந்த ஆறு மாதமும் அவருக்குச் சோறு இறங்கியதில்லை.

மறுநாள் காலையில் இருவரும் ஒரே பலகையை இழைத்தார்கள். பத்து மணிக்கெல்லாம் பள்ளம் போன இடம் தெரியவில்லை. கதவு பிழைத்துவிட்டது. ஆனால் கதவு முடிந்தால் தம்பி போய்விடுவானே. ஆசாரியின் கை தானாகவே மெதுவாயிற்று.

அந்த நேரம் பார்த்து ராக்காயி வந்தாள். பட்டறையைக் கூட்டிவிட்டு, இழைப்புச் சுருளை அடுப்பெரிக்க அள்ளிப் போகிறவள். மகள் பிரசவத்துக்கென்று ஒக்கூர் போனவள், ஆறு மாதம் கழித்து இன்றைக்குத்தான் திரும்புகிறாள். விளக்குமாற்றை எடுத்து மூலையில் கூட்ட ஆரம்பித்தாள்.

ஆசாரியால் அதற்கு மேல் மனதில் வைத்திருக்க முடியவில்லை.

"ஏண்டா தம்பி, என் மேல உனக்கு என்ன கொறை? பாகம் வேணும்னா வாயத் தொறந்து கேக்க வேண்டியதுதானே? காலையில எந்திரிச்சு வந்து பாத்தா, மேசைக்கு நட்ட நடுவுல கரிநூல் அடிச்சு வச்சிருக்கே."

அவர்கள் அப்பா காலத்துப் பழக்கம் அது. கரித்தண்ணீரில் நனைத்த நூலை மரத்தில் அடித்துக் கோடு போட்டுவிட்டால் பேச்சு முடிந்தது. யார் அடித்தது, ஏன் அடித்தது என்று கேட்பதில்லை. கோட்டோடு அறுக்க வேண்டியதுதான்.

ஆசைத்தம்பி இழைப்புளியைக் கீழே வைத்தான்.

"நானா அடிச்சேன்?"

"பின்னே யாரு?"

"அண்ணே, நீங்க அடிச்ச கோடுன்னுல்ல நான் நெனைச்சேன். என்னைய வெலக்குறதுக்கு முடிவு பண்ணிட்டீக, மறுத்துப் பேசக் கூடாதுன்னுதானே பேசாம ரம்பத்தைப் புடிச்சேன்."

"நான் அடிக்கலடா."

"நானும் அடிக்கல."

இருவரும் மேசையைப் பார்த்தார்கள். அறுத்த வாயின் ஓரத்தில் கரித்தடம் இன்னும் லேசாகத் தெரிந்தது. சொர்ணவல்லி நிலைப்படியில் வந்து நின்றாள்.

கூட்டிக்கொண்டிருந்த ராக்காயி நிமிர்ந்து, மேசை இரண்டாகக் கிடப்பதை அப்போதுதான் பார்த்தாள்.

"நூலுக்கண்டு கரித்தண்ணியில விழுந்துருச்சேன்னு, ஊருக்குப் போற அன்னைக்கு நாந்தானே மேசைக்கு நடுவுல சுத்திக் கட்டிக் காயவச்சு அவுத்துக்கிட்டுப் போனேன், அந்தக் கோட்டுக்கா ஆசாரியாரே அறுத்துப்புட்டீக?"