பால் சுறாவோடு பிடிபட்டேன்

கடலூர் துறைமுகத்தில் என் பெயரைச் சொன்னால் ஐஸ் கட்டிகூட உருகாமல் கொஞ்சம் நிற்கும். (என் தங்கச்சி இதை ஒத்துக்கொள்ள மாட்டாள். அவள் கிடக்கிறாள்.) மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, மீன் கூடை தூக்கி, ஏலம் கூவி, கடைசியில் சொந்தமாக ஐஸ் கம்பெனி வைத்தவன் நான். எங்கள் தெருவுக்குக் கேமரா மாட்டிக் கொடுத்ததும் நான்தான். அன்றைக்கு இன்ஸ்பெக்டரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மைக்கில் முழங்கினேன்: "சம்பந்தம் இல்லாத ஆளு தெருவுல குறுக்கும் நெடுக்கும் நடந்தா யோசிக்காதீங்க. ஸ்டேஷனுக்குப் போன் போடுங்க!" நல்ல கைதட்டல்.

அப்படிப்பட்ட என்னைத்தான் சிதம்பரத்தில் ஒரு தெருவே கூடிப் போலீசில் பிடித்துக் கொடுத்தது.

என் ஒரே மகள் செல்வி, சிதம்பரத்துக்குப் படிக்கப் போன இடத்தில் ஒரு பையனைப் பார்த்து, என்னைக் கேட்காமல் கல்யாணம் கட்டிக்கொண்டாள். பையன் மேல் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் கோபம் இன்னும் ஜாஸ்தியானது. "எனக்கு மகளே கிடையாது" என்று துறைமுகம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். சொன்ன சொல் மாறாதவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை நான் காப்பாற்றிக்கொண்டிருந்த நாளிலேயே என் பொஞ்சாதி போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அதற்கப்புறம் ஒரு நாள் காலை தங்கச்சி வந்தாள். உட்காரக்கூட இல்லை.

"செல்விக்குப் பொம்பளப் புள்ள பொறந்துருக்குண்ணே. பால் பத்தலயாம். பவுடர் பால்தான் குடுக்குதாம்."

"அத என்னாத்துக்கு எங்கிட்ட சொல்ற?"

"சும்மா சொன்னேன். அண்ணி இருந்தா இந்நேரம் பால் சுறாவ எடுத்துகினு பஸ் ஏறியிருக்கும்."

எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவளுக்குத் தாய்வீட்டிலிருந்து பால் சுறா போகும். புட்டு செய்து சாப்பிட்டால் பால் ஊறும். அது தாய் கொண்டுபோக வேண்டிய சாமான். தாய் இல்லை. தங்கச்சி போனதும் நானே ஏலத்துக்குப் போய், குட்டியாக, இளசாகப் பார்த்து எடுத்தேன். காரை எடுத்தால் டிரைவர் ஊரெல்லாம் சொல்லிவிடுவான் என்று பஸ்ஸில் ஏறினேன். தெர்மாகோல் பெட்டி அடியில் விரிசல். (ஐஸ் கம்பெனி முதலாளி, ஓட்டைப் பெட்டியோடு போனவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான்.)

தங்கச்சி சொன்ன தெருவைக் கண்டுபிடித்துவிட்டேன். வீட்டையும் கண்டுபிடித்துவிட்டேன். மாடிக் கொடியில், என் பொஞ்சாதி எனக்குத் தெரியாமல் மகளுக்குக் கொடுத்திருந்த பச்சைப் புடவை காய்ந்துகொண்டிருந்தது. மருமகன் அடையாளம் கண்டுவிடக்கூடாது என்று துண்டை எடுத்து முகத்தோடு முக்காடு போட்டுக்கொண்டேன். காலிங் பெல்லுக்குக் கை போனது. அவள் கதவைத் திறந்து "யாரு நீங்க?" என்று கேட்டுவிட்டால்? கை திரும்பி வந்துவிட்டது. தெருக்கோடி வரை நடந்தேன். திரும்பி வந்தேன். மறுபடி கை போனது, மறுபடி நடந்தேன். புயலில் படகு ஓட்டியவன், ஒரு பட்டனை அமுக்க முடியாமல் வெயிலில் நடந்தேன்.

பைக்கில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்து குறுக்கே நிறுத்தினார்கள். மூத்தவர் என் கையைப் பிடித்தார்.

"பெரியவரே, யார் வூட்டுக்கு வந்த?"

"சும்மா நடக்குறேன்."

"மூஞ்சிய மூடிகினு, ரத்தம் ஒழுவுற பொட்டியோட, சும்மா நடக்குறியா?"

திரும்பிப் பார்த்தேன். தெரு நெடுக நான் போன வழியும் வந்த வழியும் சிவப்பாகக் கோடு கோடாகக் கிடந்தன. மீன் ஐஸ் உருகினால் அப்படித்தான் ஒழுகும். துறைமுகத்தில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். அந்தத் தெருவோ மீன் வாசமே படாத தெரு.

எதிர்வீட்டு மாடியிலிருந்து பனியனோடு ஒருவர் இறங்கி வந்தார். அவர் பின்னாலேயே தெருவும் கூடிவிட்டது. "நான்தான் சார் போன் பண்ணேன். கைக்கொழந்த இருக்கற வீட்டையே நோட்டம் விடுறான். புள்ள புடிக்கறவன் சார்!"

போலீஸ்காரர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். சுறாக்குட்டிகள் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தன. பனியன்காரர் தன் வீட்டு கேட் வரைக்கும் பின்னால் போனார்.

"நான் யாரு தெரியுமா? கடலூர்ல ஐஸ் கம்பெனி மொதலாளி!"

"மொதலாளின்னா கார் எங்கய்யா? யார் வூடுன்னு சொல்லுய்யா, உட்டுர்றேன்."

என் மகள் வீடு. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். இத்தனை வருஷமாக வேறு மாதிரி சொல்லிப் பழகிய வாய். வரவில்லை.

சத்தம் கேட்டுக் கதவு திறந்தது. காதை மூடித் துணி கட்டியிருந்தாள் செல்வி. தோளில் குழந்தை. முகம் பாதியாகியிருந்தது.

"ஏம்மா, இவரத் தெரியுமா?"

அவள் என்னைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். போலீசை விட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா சாவுக்கு நான் வந்து நின்னேன். இந்தப் பொண்ணு யாருன்னு யாரோ உன்னக் கேட்டாங்க. தெரியாதுன்னு சொன்ன. ஞாபகம் இருக்காப்பா?"

'அப்பா' என்றதைக் கேட்டதும் போலீஸ்காரர் என் கையை விட்டுவிட்டார். விடாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாசல் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"தெரியும் சார்," என்றாள். "எங்கப்பா."

பனியன்காரருக்கு மனசு ஆறவில்லை. "அப்புறம் ஏம்மா உள்ள வராம நடந்துகிட்டே இருந்தாரு?"

"பயம் சார். என்னக் கண்டு பயம்."

கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் உள்ளே போனேன். மருமகனுக்குச் சுறாவுக்கு எது தலை என்றுகூடத் தெரியவில்லை. நானே வேகவைத்து, தோலுரித்து, உதிர்த்து, வெங்காயம் போட்டு வதக்கினேன். உப்பு அள்ளிக் கொட்டிவிட்டேன் போலிருக்கிறது. செல்வி ஒரு வாய் வைத்ததும் அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. "அம்மா செஞ்சா இப்படி இருக்காது," என்றாள். ஆனால் தட்டில் ஒரு பொட்டு மிச்சம் வைக்கவில்லை.

இப்போது பேத்தி பள்ளிக்கூடம் போகிறாள். நான் எப்போது போய் பெல் அடித்தாலும் அவள்தான் ஓடி வந்து கதவைத் திறப்பாள். என் கையைப் பிடித்து வாசலிலேயே நிறுத்திவிட்டு, குரலைத் தடிமனாக்கிக்கொண்டு உள்ளே பார்த்துக் கேட்பாள்: "ஏம்மா, இவரத் தெரியுமா?" மருமகன் விழுந்து விழுந்து சிரிப்பான். எதிர்வீட்டுப் பனியன்காரரும் மாடியிலிருந்து சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

செல்வி மட்டும் அடுப்படியிலிருந்து உடனே பதில் சொல்ல மாட்டாள். கொஞ்சம் பொறுத்துத்தான் "தெரியும்" என்பாள். அதுவரைக்கும் நான் வாசலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.