ஜாக்கிரதை சார் காருக்கு கேஸ் ஏற்றிய நாள்

விருத்தாசலத்தில் இதுவரை நடக்காமல் போன விபத்துகள் அத்தனைக்கும் ஒரே ஒரு மனிதர்தான் காரணம். ரேஷன் கார்டில் அவர் பெயர் என்னவோ, எனக்குத் தெரியாது. தெருவுக்கு அவர் ஜாக்கிரதை சார். தபால்காரர்கூட வாசலில் நின்று, "ஜாக்கிரதை சார், போஸ்ட்டு!" என்றுதான் குரல் கொடுப்பார். உள்ளேயிருந்து, "கேட்டு கொக்கி கூரா இருக்குது, கையப் பாத்து வைங்க!" என்று பதில் வரும்.

பீங்கான் கம்பெனி ஒன்றில் சூளைப் பிரிவுக்கு அவர் மேற்பார்வையாளர். நான் வங்கி வேலையில் மாற்றலாகி வந்து அவர் வீட்டு மாடியில் குடியேறினேன். முதல் நாள் சாவியைக் கொடுத்தவர், மாடிப்படியில் எந்தப் படி கொஞ்சம் உயரம், எந்தப் படியில் மழைக்காலத்தில் வழுக்கும், எந்தச் சுவிட்சை ஈரக்கையோடு நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது என்று சொல்லி முடிப்பதற்குள் லாரியிலிருந்து என் சாமான்கள் எல்லாம் இறங்கிவிட்டன.

கல்யாண வீட்டில் பந்தலின் ஒவ்வொரு காலையும் ஆட்டிப் பார்த்த பிறகுதான் அவர் இலையில் உட்காருவார். ஒரு முறை அப்படி ஆட்டியதில் ஒரு கால் கையோடு வந்துவிட்டது. "பாத்தீங்களா, நான் சொல்லல?" என்று பெண் வீட்டாரிடம் சந்தோஷமாகச் சொன்னார். ஜங்ஷனுக்குப் போனால் பிளாட்பாரத்தின் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு, விளிம்பில் நிற்கிறவர்களை எல்லாம், "பின்னாடி வாங்க, பின்னாடி வாங்க" என்று விரட்டுவார். ஜனங்கள் அவரை ரயில்வே ஆள் என்று நினைத்து, சேலம் வண்டி எப்போது வரும் என்று கேட்பார்கள். அதற்கும் பதில் வைத்திருப்பார். "வரும்போது வரட்டும், நீங்க மொதல்ல பின்னாடி வாங்க."

இப்படிப்பட்ட மனிதர்தான் ஒரு சித்திரை மாதத்தில், கார் ஏசிக்கு வீட்டிலேயே கேஸ் ஏற்றப் போவதாக அறிவித்தார்.

காரணம் அவர் மகள் கயல்விழி. ஸ்ரீமுஷ்ணத்தில் கட்டிக் கொடுத்திருந்த பெண். வளைகாப்பு முடிந்து, வெள்ளிக்கிழமை பிரசவத்துக்குத் தாய்வீடு வர வேண்டும். முந்தின வாரம் வெயிலில் கடைக்குப் போய் வந்தவள் வாசலிலேயே மயங்கி விழுந்திருக்கிறாள். "சூட்டுல அலைய வுடாதீங்க" என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். இவருடைய காரிலோ, ஏசியைப் போட்டால் சூளை வாயைத் திறந்த மாதிரி காற்று வந்தது.

"மெக்கானிக்கிட்ட வுட வேண்டியதுதானே சார்?" என்றேன்.

"அவன் என்னா கேஸை ஏத்துறான்னு நமக்குத் தெரியுமா? அடுப்பு கேஸை ஏத்திட்டான்னா? புள்ளத்தாச்சிப் பொண்ணை அதுல ஒக்கார வைக்கச் சொல்றீங்களா?"

"அப்போ வாடகைக் கார்?"

"டிரைவர் தூங்கிட்டா?"

"பகல்லதானே சார் வரப்போறாங்க?"

"பகல்ல தூங்குற டிரைவர்தான் ரொம்ப டேஞ்சரு."

ஆக, ஆன்லைனில் ஒரு கேன் வரவழைத்தார். கூடவே ஒரு ரப்பர் குழாய், அதன் நடுவில் முள்ளோடு ஒரு சின்ன மீட்டர். எப்படி ஏற்றுவது என்பதைப் போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டார். வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் கோட்டு போட்டுக்கொண்டு சாவகாசமாக வேலை செய்தார். அவர் வீட்டு வாசலில் பனி கொட்டிக் கிடந்தது. ஜாக்கிரதை சாரின் மனைவி சரோஜா அக்கா அரிசி களைந்தபடியே அதை எட்டிப் பார்த்து, "அவருக்கு எதுக்குங்க ஏசி?" என்று கேட்டார். அவர் வீடியோவை முதலிலிருந்து மறுபடி ஓடவிட்டார்.

வியாழக்கிழமை காலை வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையின் நட்ட நடுவில் கார் நின்றது. வீட்டிலிருந்து தள்ளி, டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளி, தேங்காய் விழலாம் என்பதால் தென்னை மரத்திலிருந்தும் தள்ளி. சுற்றிலும் ஈரச் சாக்கு. நாலு மூலையிலும் மணல் வாளி. எதிரே இஸ்திரி வண்டி காசியிடம் போய், பெட்டியில் கரி கனன்றுகொண்டிருப்பதால் அடுத்த தெருவுக்குப் போய்விடச் சொன்னார்.

"சார், இந்த கேஸு தீப்புடிக்குமா சார்?" காசி பயந்துவிட்டார்.

"புடிக்காதுன்னுதான் கேன்ல போட்டிருக்கான்."

"அப்புறம் ஏன் சார் போவச் சொல்றீங்க?"

"அத எழுதுனவன் இங்கயா நிக்கிறான்?"

காசி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். சட்டை கொடுத்திருந்தவர்கள் எல்லாம் அவரைத் தேடிக்கொண்டு பின்னால் போனார்கள்.

ஜாக்கிரதை சார் சூளையில் போடுகிற, கறுப்புக் கண்ணாடி வைத்த முகக்கவசத்தை மாட்டியிருந்தார். முழங்கைவரை தோல் கையுறை. எனக்கு ஹெல்மெட்டும் இன்னொரு ஜோடி கையுறையும் கொடுத்தார். கேனைப் பிடித்துக்கொள்வது என் பொறுப்பு. நான் லோன் பிரிவில் வேலை பார்க்கிறவன். என் கையில் வெடிக்கக்கூடியதாக எதையும் அதுவரை யாரும் கொடுத்ததில்லை.

பானெட்டைத் திறந்தோம். ஏசிக்கு இரண்டு குழாய். தடித்த குழாயின் மூடியில் எல் என்று போட்டிருக்கும், அதில்தான் மாட்ட வேண்டும். எச் என்று போட்ட மற்றதில் அழுத்தம் அதிகம், அதில் மாட்டினால் கேன் வெடிக்கும் என்றார்.

"இது எல்லுதானே? நல்லா பாத்துச் சொல்லுங்க."

"எல்லுதான் சார்."

"எச்சா இருந்து, கோடு ஏதாச்சும் அழிஞ்சி போயிருக்குமா?"

"எல்லுதான் சார்!"

ரப்பர் குழாயின் வாய் அந்த ஒன்றில் மட்டும்தான் பொருந்தும்படி செய்திருக்கிறார்கள். மாற்றி மாட்டவே முடியாது. அதை அவரிடம் சொன்னபோது, "முடியாதுன்னு சொல்ற எடத்துலதான் எல்லாம் நடக்குது" என்றார். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார். கிளிக் என்று பொருந்தியது.

மீட்டர் முள் விருட்டென்று எழுந்து சிவப்புக்குப் போய் நின்றது.

"ஓடுங்க!"

நான் கேனைப் போட்டுவிட்டு ஓடினேன். அவர் எனக்கு முன்னால் ஓடினார். காம்பவுண்டு சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டோம். வெடிக்கவில்லை. முகக்கவசத்துக்குள்ளிருந்து அவர் மூச்சு புஸ் புஸ் என்று கேட்டது. "ஏத்தாமயே சிவப்புக்குப் போவுது சார். உள்ள என்னமோ இருக்குது" என்று கிசுகிசுத்தார். உள்ளே பாம்பு இருப்பது போலச் சொன்னார்.

ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு உள்ளேயே இருக்கும்படி உத்தரவு வாங்கியிருந்த சரோஜா அக்கா, ஒரு ஜன்னலைத் திறந்து கேட்டார். "இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு என்னாத்தப் பாக்கறீங்க? அந்த வீடியோல வண்டி உர்ருன்னு ஓடிக்கிட்டே இல்ல இருந்திச்சி?"

"ஓடுற இன்ஜின்ல எவனாச்சும் கை வைப்பானா?"

"அப்ப நாளைக்கு என் பொண்ணு விசிறிக்கிட்டேதான் வருவாளா?"

அவர் எழுந்தார். சட்டை நுனி எதிலும் சிக்கிவிடாதபடி இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, இன்ஜினை ஓடவிட்டு ஏசியை முழுசாக வைத்தார். கம்ப்ரசர் டக்கென்று பிடித்தது. சிவப்பில் நின்ற முள் சரசரவென்று இறங்கி, பச்சைக் கோட்டுக்கும் கீழே போய் விழுந்தது. அதாவது கேஸ் குறைவு. அவ்வளவுதான் விஷயம்.

நான் கேனை மறுபடி பிடித்துக்கொள்ள, அதன் தலையிலிருந்த திருகைத் திறந்தார். சொய்ங் என்ற சத்தத்தோடு கேஸ் போனது. கேன் என் கையில் ஜில்லிட்டு, மேலே வெள்ளையாகப் படிந்தது. "சார், ஐஸ் கட்டுது!" என்று கத்தினேன். "வுட்டுடாதீங்க, ஆட்டாதீங்க, மூச்சு வாங்காதீங்க!" என்றார். வெளியே எவ்வளவு வெயிலோ அதற்குத் தகுந்தாற்போல முள் நிற்க வேண்டும் என்று மீட்டரில் ஒரு கணக்குப் போட்டிருந்தது. அந்தக் கணக்கு நம்ம ஊர் வெயில் ஆரம்பிக்கிற இடத்திலேயே முடிந்துவிட்டது. உள்ளே எவ்வளவு குளிர்ச்சி என்று அளக்க அவர் கம்பெனியிலிருந்து ஒரு கருவி கொண்டுவந்திருந்தார். அது சூளைக்கானது, பீங்கான் வேகிற சூடு இருந்தால்தான் முள்ளை அசைக்கும். ஆக, முள் பச்சைக்குள் ஏறியதைப் பார்த்துவிட்டு, திருகை மூடி, இது போதுமா இன்னும் கொஞ்சமா என்று அவர் தவித்துக்கொண்டிருந்தபோதுதான் போன் அடித்தது.

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து சம்பந்தியம்மா. போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, கயலுக்கு விட்டு விட்டு வலி வருதுன்னு சொல்றா. இங்க காட்டுனோம். விருத்தாசலத்துல எப்பவும் பாக்கற டாக்டரம்மாகிட்டயே ஒடனே இட்டுக்கிட்டுப் போங்கன்னுட்டாங்க. ஆம்புலன்ஸு வேற ஊருக்குப் போயிருக்குதாம், வாடகைக் காரும் கெடைக்கல, எம் மவனும் நெய்வேலிக்கு டூட்டிக்குப் போயிட்டான். எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல."

ஜாக்கிரதை சார் போனைச் சட்டைப் பையில் போட்டார். குழாயை ஒரே இழுப்பில் கழற்றினார். மூடியைத் திருகினார், பானெட்டைச் சாத்தினார். "ஏறுங்க" என்றார். சரோஜா அக்கா வீட்டைப் பூட்டினாரா என்றுகூட அவர் கேட்கவில்லை. எனக்கு அதுதான் முதல் பயமாக இருந்தது.

மாட்டு வண்டிக்கும் வழி விட்டுப் போகிற மனிதர் அன்றைக்கு ஸ்ரீமுஷ்ணம் ரோட்டில் ஓட்டிய வேகத்தை என்னால் இப்போதும் நம்ப முடியவில்லை. வைக்கோல் டிராக்டரைத் தாண்டினார். டவுன் பஸ்ஸைத் தாண்டினார். ஒரு திருப்பத்தில் நான் சீட்டைப் பிடித்துக்கொண்டு, "சார், ஜாக்கிரதை!" என்று அலறினேன். அவரிடம் அந்த வார்த்தையைப் பெயராக இல்லாமல் சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருக்கும்.

"பேசாம வாங்க சார்."

பாதி வழியில்தான் கவனித்தேன். ஏசியிலிருந்து ஜில்லென்று காற்று வந்துகொண்டிருந்தது.

கயல்விழி முகம் வெளுத்து வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். உதடெல்லாம் காய்ந்திருந்தது. அம்மாவின் தோளில் சாய்த்துப் பின்சீட்டில் உட்கார வைத்தோம். திரும்பும்போது ஒரு பள்ளத்தையும் விடாமல் ஒதுக்கி ஒதுக்கி ஓட்டினார். கண்ணாடியில் மகளைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார். "காத்து வருதா? சூடாவல இல்ல?" என்பார். கேஸ் எங்கேயாவது கசிந்து தீர்ந்துவிடுமோ என்ற பயம். நான் கையைக் காற்றுக்கு நேரே வைத்துக்கொண்டே வந்தேன்.

ஊருக்கு வெளியே பாலம் வேலை நடந்த இடத்தில் எல்லாம் நின்றது. களிமண் ஏற்றிய லாரி ஒன்று குறுக்கே மாட்டிக்கொண்டு, முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல் நின்றது. டிரைவர் யாருடனோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நின்ற காரில் காற்றின் குளிர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. பின்னால் கயல்விழி, "அம்மா" என்று முனகினாள்.

ஜாக்கிரதை சார் கதவைத் திறந்து இறங்கி நடந்தார். முகக்கவசத்தைக் கழற்ற அவருக்கும் தோன்றவில்லை, சொல்ல எங்களுக்கும் தோன்றவில்லை. இடுப்பில் கயிறு, முழங்கைவரை தோல் கையுறை, முகத்தை மூடிய கவசம். அந்த உருவம் வெயிலில் நடந்து வருவதைப் பார்த்ததும் லாரி டிரைவர் சண்டையை நிறுத்திவிட்டார்.

"என்னா சார், கேஸு லீக்கா? எதுனா வெடிக்கப் போவுதா?"

"ஆமாம்!" என்றார் ஜாக்கிரதை சார். "வண்டிய எடுங்க!"

அதுவரை அசையாத லாரி ஒரே உறுமலில் பின்னால் போனது. வரிசையில் நின்ற மற்ற வண்டிகளும் ஒதுங்கின. எங்கள் கார் மட்டும் தனியாகப் பாலத்தைக் கடந்தது. கார் ஓடத் தொடங்கியதும் காற்று மறுபடி ஜில்லிட்டது. கொஞ்ச தூரத்தில் பின்னாலிருந்து குரல். "அப்பா, குளுருதுப்பா. கொஞ்சம் கொறைங்க."

அவர் குறைத்தார். முகக்கவசத்துக்குள் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

அது பிரசவ வலி இல்லை. உடம்பில் தண்ணீர் வற்றிப்போனதால் வந்த வலி. குழந்தை நன்றாக இருக்கிறது, குளுகோஸ் ஏற்றிக்கொண்டு ஒரு ராத்திரி தங்கிப் போகட்டும் என்றார் டாக்டரம்மா. நாங்கள் ஏற்றிய கேஸும் அதிக நாள் நிற்கவில்லை. ஏதோ ஒரு குழாயில் ஊசிமுனை ஓட்டையாம். கடைசியில் மெக்கானிக்தான் கண்டுபிடித்து மாற்றினார். கயல்விழிக்குப் பெண் குழந்தை பிறந்தது, அது தனிக்கதை.

அன்றைக்கு டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போனதும் ஜாக்கிரதை சார் ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். முகக்கவசத்தையும் கையுறையையும் கழற்றினார். ரோட்டில் அத்தனை வேகத்திலும் ஸ்டீயரிங்கை அசையாமல் பிடித்திருந்த கைகள் அப்போதுதான் நடுங்க ஆரம்பித்தன. முழங்காலில் அழுத்தி வைத்துப் பார்த்தார், நிற்கவில்லை. நர்ஸுகள் போகிறார்கள், வருகிறார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் அந்தக் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். விடச் சொல்லி அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் விட்டிருக்க மாட்டேன்.