தாழ்ப்பாளுடன் கூடிய குளியலறை

“உன் வூட்டுக்காரு ஸ்ட்ரைக்குன்னு போய்க் குந்திகினாரு. என் வூட்டு வாசப்படில சாக்கடை வந்து குந்திகினு கீது. அதுக்கு இன்னா சொல்ற எல்சி?”

எதிர்வீட்டுக் கன்னியம்மா கேட்டதை ஓர் எழுத்து மாற்றாமல் எழுதியிருக்கிறேன். கேள்வி நியாயமானது. என் கணவர் சவரிநாதனும் இன்னும் நாற்பது பேரும் வேலை பார்க்கும் கழிவுநீர் நீரேற்று நிலையம் நின்றுபோனால், ராயபுரத்தில் எங்கள் பக்கத்துச் சாக்கடைக்குப் போக்கிடம் கிடையாது. போக்கிடம் இல்லாதது கிளம்பிய இடத்துக்கே திரும்பி வரும்.

“உள்ளே வந்துடுச்சா?” என்றேன்.

“வர்லாமான்னு கேட்டுகினு கீது.”

இந்தத் தடவை சம்பளத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. வேலை முடிந்ததும் குளிக்க ஓர் அறை வேண்டும், அவ்வளவுதான். நிலையத்தின் முற்றத்தில் ஓர் அடி பம்பு இருக்கிறது. மதில் கிடையாது. எதிரிலேயே பஸ் ஸ்டாப். முப்பது பேர் பார்க்க யார் குளிப்பார்கள்? அப்படியே கிளம்பினால் ஷேர் ஆட்டோக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரை முறுக்குகிறார். என் கணவர் மூன்று கிலோமீட்டர் நடந்து வருவார். போன மாதம் தோழிகளோடு எதிரே வந்த எங்கள் பெண் மெர்லின், அப்பாவைப் பார்த்ததும் சாலையின் அந்தப் பக்கம் போய்விட்டாள். போனதை அவர் பார்த்தார். மறுநாள் சங்கக் கூட்டத்தில் ஸ்ட்ரைக்குக்கு முதல் கை தூக்கியவர் அவர்தான்.

மனுவை எழுதியது நான். கன்னியாஸ்திரீகள் ஸ்கேலால் முட்டியில் தட்டித் தட்டி உருவாக்கிய கையெழுத்து என்னுடையது. சும்மா கிடக்க வேண்டாமே என்று சங்கம் பயன்படுத்திக்கொள்கிறது. ‘தாழ்ப்பாளுடன் கூடிய குளியலறை ஒன்றை அமைத்துத் தருமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்’ என்று எழுதினேன்.

சங்கச் செயலாளர் பீம்ராவ் வியாசர்பாடிக்காரர். படித்துவிட்டு, “தாழ்ப்பாவுல்லாம் எழுதணுமாக்கா?” என்றார்.

“எழுதலைன்னா வைக்க மாட்டாங்க தம்பி. கவர்மென்ட்டுக்கு எல்லாத்தையும் விளக்கமா சொல்லணும்.”

என் வாழ்க்கையில் நான் சொன்ன புத்திசாலித்தனமான வாக்கியங்களில் இதுவும் ஒன்று என்று அப்போது நினைத்தேன்.

ஸ்ட்ரைக்கின் ஐந்தாம் நாள் பேச்சுவார்த்தைக்கு அழைத்தார்கள். பேசியதைக் குறித்துக்கொள்ள என்னையும் கூட்டிப் போனார் பீம்ராவ். சமரச அலுவலர் லோகநாதன் எங்களை உட்காரச் சொல்லிவிட்டு வருத்தமான குரலில் தொடங்கினார்.

“ஸ்ட்ரைக் நடக்கும்போது பேசினால் அரசு மிரட்டலுக்குப் பணிந்ததாக ஆகும்.”

“சரி சார், ஸ்ட்ரைக்க வுட்டுட்டா?” என்றார் பீம்ராவ்.

“தகராறே இல்லாத இடத்தில் சமரசம் செய்ய எனக்கு அதிகாரம் இல்லை.”

“அப்போ இன்னாதான் சார் பண்றது?”

அவர் கோப்பைப் புரட்டினார். பிறகு, மதியம் ஒன்றரையிலிருந்து இரண்டரை வரை ஸ்ட்ரைக்கை நிறுத்தி வைத்தால் அந்த ஒரு மணி நேரத்தில் பேசலாம் என்றார். அது சாப்பாட்டு நேரம். வேலை செய்கிறவர்களும் அப்போது வேலை செய்ய மாட்டார்கள். இரு தரப்பும் கௌரவமாக ஒப்புக்கொண்டன.

இரண்டே காலுக்கு முடிவு வந்தது. அறை கட்டடப் பிரிவைச் சேர்ந்தது. கதவு மரச்சாமான் பிரிவு. அவரவரிடம் தனித்தனியாகக் கோப்பு போக வேண்டும். தாழ்ப்பாள் ஒன்றுதான் லோகநாதனின் சொந்த அதிகாரத்துக்குள் வருகிறது. அதை உடனடியாக வழங்க உத்தரவிடுகிறார்.

“தாழ்ப்பாள வச்சிகினு இன்னா சார் பண்றது?” என்றார் பீம்ராவ். “முதுகு தேச்சிக்கிறதா?”

“நீங்களே கேட்டதுதானே?” என்று மனுவைத் திருப்பிக் காட்டினார். என் கையெழுத்து அழகாக இருந்தது. “கோரிக்கையின் முதல் சொல்லே ஏற்கப்பட்டிருக்கிறது. இதற்கு மேல் ஸ்ட்ரைக்கைத் தொடர்ந்தால் பொதுமக்கள் என்ன நினைப்பார்கள்?”

பொதுமக்கள் என்ன நினைப்பார்கள் என்று சொல்லத்தான் கன்னியம்மா வாசலில் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தாளே. ஸ்ட்ரைக் வாபஸ் ஆனது. சாயங்காலச் செய்தியில் ‘பேச்சுவார்த்தை வெற்றி’ என்று ஓடியது. தாழ்ப்பாள் ஒரு வெல்வெட் பெட்டியில் வந்தது. வைக்க வேறு இடம் தெரியாமல் என் கணவர் அதை அந்தோணியார் படத்துக்குக் கீழே வைத்தார். காணாமல் போனதை மீட்டுத் தருகிறவர் கண்ணில் படட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் ஸ்ட்ரைக், மறுபடியும் கன்னியம்மா வாசலில் சாக்கடை. இப்போது அரசு நவீனமாகியிருந்தது. மேசை நாற்காலியை எடுத்துவிட்டுத் தரையில் திண்டு போட்டிருந்தார்கள். நர்மதா என்று ஒரு பெண், பெங்களூரிலிருந்து வந்த ‘உரையாடல் வடிவமைப்பாளர்’, எல்லோரையும் கண்ணை மூடி மூச்சை ஆழமாக இழுக்கச் சொன்னாள். பம்பு நிலையத்துக்காரர்கள் மூச்சை இழுத்துப் பழகாதவர்கள். அடக்கித்தான் பழக்கம்.

“‘வேண்டும்’ என்று சொல்லாதீர்கள்,” என்றாள். “அதில் வன்முறை இருக்கிறது. உங்கள் உணர்வைச் சொல்லுங்கள். சார், நீங்கள் சொல்லுங்களேன்.”

“அரிக்குதும்மா,” என்றார் என் கணவர்.

நர்மதாவின் கண்கள் கலங்கின. அதை மஞ்சள் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். லோகநாதன் தன் பங்குக்கு, ‘பொருள்: அரிப்பு. தோல் நோய்ப் பிரிவுக்கு அனுப்பலாம்’ என்று குறித்துக்கொண்டார். அந்த நெகிழ்ச்சியில் கதவு கிடைத்தது.

நல்ல கதவு. நிலையோடு வந்தது. அரசாங்கச் சொத்தைச் சும்மா சாத்தி வைத்தால் திருடு போகும் என்று அடி பம்புக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் நடுவில் சிமென்ட் போட்டு நட்டார்கள். அந்தோணியாரிடமிருந்து தாழ்ப்பாளை வாங்கி உள்பக்கம் பொருத்தினார்கள். ரிப்பன் வெட்டி, ‘தாழ்ப்பாளுடன் கூடிய குளியலறை: முதல் கட்டம்’ என்று பலகை மாட்டினார்கள். கதவுக்கு இடப்பக்கம் ஒன்றுமில்லை. வலப்பக்கமும் ஒன்றுமில்லை.

“சுவர் எப்போ சார்?” என்றேன் நான். எனக்குப் பொறுமை குறைவு.

“சுவரா?” லோகநாதன் உண்மையிலேயே திடுக்கிட்டார். “மனுவில் சுவர் என்ற சொல்லே இல்லையே. எழுதியது யார்?”

பீம்ராவ் என்னைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தார். நல்ல மனிதர்.

முதல் வாரம் யாரும் அந்தக் கதவைத் தொடவில்லை. இரண்டாம் வாரம் என் கணவர் ஒரு பக்கெட்டோடு போய், கதவைத் திறந்து, அந்தப் பக்கம் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு குளித்திருக்கிறார். அன்று ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். தலை ஈரமாக இருந்தது. மெர்லின் துண்டை நீட்டினாள். அதற்கப்புறம் நாற்பத்தோரு பேரும் வரிசை கட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

“உங்களுக்காவது கதவு கீது,” என்றாள் கன்னியம்மா. “என் வூட்ல கோணிதான். எனக்கும் ஒரு மனு எழுதித் தாயேன்.”

போன வெள்ளிக்கிழமை ஆய்வுக்கு லோகநாதன் வருகிறார் என்று பீம்ராவ் போன் செய்தார். சுவர் இல்லாததை நேரில் காட்டிவிட்டால் வேறு வழியில்லாமல் கட்டித்தானே ஆக வேண்டும்? சுவர் என்ற சொல்லை ஒன்பது இடத்தில் எழுதிய புது மனுவோடு கிளம்பினேன். என் கணவர் சோப்பை மறந்துவிட்டுப் போயிருந்தார், அதையும் எடுத்துக்கொண்டேன்.

லோகநாதன் எனக்கு முன்பே வந்து கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம்.

“ஆள் இருக்கிறார்,” என்றார் தணிந்த குரலில்.

அவருக்குப் பின்னால் பீம்ராவும் நான்கு பேரும் வரிசையில் நின்றார்கள். இரண்டடி தள்ளி நின்று எட்டிப் பார்த்தால் என் கணவர் முழுதாகத் தெரிவார். யாரும் தள்ளி நிற்கவில்லை. எதிரே பஸ் ஸ்டாப்பில் இருந்த அத்தனை பேரும் எங்களுக்கு முதுகு காட்டி நின்றார்கள். அவர்களில் மெர்லினும் ஒருத்தி, தோழிகளோடு. தாழ்ப்பாள் போட்டிருக்கிறதே, பார்ப்பார்களா? மரியாதை தெரிந்த ஜனங்கள்.

லோகநாதன் கோப்பைத் திறந்து, பஸ் ஸ்டாப்பை ஒரு முறை, வரிசையை ஒரு முறை பார்த்து எழுதினார். சத்தமாகவே படித்துக்கொண்டு எழுதினார்: “பயனாளிகளும் பொதுமக்களும் ஒழுங்காக ஒத்துழைப்பதால், சுவரின் தேவை எழவில்லை.”

சுற்றிக்கொண்டு போனால் மூன்றடி. லோகநாதனின் கையைப் பிடித்து அந்தப் பக்கம் இழுத்துப் போய் நிறுத்தி, இதுதான் சார் உங்கள் குளியலறை என்று சொல்லத்தான் நான் வந்திருந்தேன். ஒரு காலை எடுத்தும் வைத்தேன்.

“மேடம், வரிசை,” என்றார் லோகநாதன்.

பின்னால் போய் நின்றேன். தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றபாடில்லை. கடைசியில் பொறுக்காமல், முன்னால் இருந்தவர்களிடம் சொல்லிவிட்டுப் போய்க் கதவை மெதுவாகத் தட்டினேன்.

“மெர்லின் அப்பா, சோப்பு கொண்டாந்திருக்கேன். கொஞ்சம் தாழ்ப்பாளை எடுங்க.”