கோவில் தலைவர் நாவல் படித்த கதை

கோவில் கமிட்டித் தலைவர் சோலைமலை அந்தப் புத்தகத்தை அடுப்பில் போடுவதென்று முடிவு செய்துவிட்டார். பொகவந்தலாவை பஜார் வரைக்கும் கேட்கும்படி கத்தினார்.

"ஜெயந்தினி! ஒன் மக சுலக்ஷனா என்ன படிக்கிறா பாத்தியா? ஒரு சின்னப்புள்ள, றெக்க மொளச்ச காட்டுப்பன்னி மேல ஏறி அம்மனைத் தேடிப் போகுதாம். அம்மன் கோவிலை விட்டே ஓடிருச்சாம்! இதுக்குப் பேரு நாவலாம். எழுதுனவன் நாவை அறுக்கணும்! நாளைக்குக் கமிட்டிக் கூட்டத்துல சொல்லிக் கிழிக்கிறேன் பாரு!"

மனைவி ரொட்டி தட்டுவதை நிறுத்தவில்லை. "தாராளமா எரிங்க. ஆனா அம்மன் ஏன் போச்சுன்னு கூட்டத்துல யாராச்சும் கேட்டா?"

"எனக்கு என்னடி தெரியும்?"

"தலைவருக்கே தெரியலைன்னு சிரிப்பாங்க. படிச்சிட்டு எரிங்களேன்."

ஏற்கனவே அவர் கொதித்துப்போய்த்தான் இருந்தார். பிரசவம் நல்லபடியாக முடிந்தால் பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்ட லயத்தில் பக்கத்து வீடான அடுத்த காம்பிராவில் இருக்கும் சர்மிளா, காலையில் கைக்குழந்தையோடு வந்து அனுமதி கேட்டாள். "மாதா கோவிலுக்குப் போற குடும்பத்துல பொறந்தவ கொடத்தைத் தொடக்கூடாது" என்று விரட்டிவிட்டார். அதற்கு ஜெயந்தினி போட்ட சண்டையின் சூடு இன்னும் ஆறவில்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு படித்தார். அவருக்கு வாய்விட்டுத்தான் படிக்க வரும். பன்றி மேகத்தில் முட்டியது, திட்டினார். திட்டிக்கொண்டே அடுத்த பக்கத்தைப் புரட்டினார். பிளேன்டீ ஆறிப்போனது.

திடீரென்று துள்ளி எழுந்தார்.

"அடப்பாவி! நேர்த்தி வச்சு வந்த பொண்ணை, நீ வேற சாமி கும்புடுறவன்னு கோவில் தலைவன் வாசல்லயே வெரட்டிட்டான்! அதான் அம்மனும் கெளம்பிருச்சு!"

"பாவம், அவருக்கு என்ன காரணமோ."

"என்னடி பெரிய காரணம்? சாமிக்கு வச்ச நேர்த்தியைத் தடுக்க அவன் யாரு? அவனெல்லாம் மனுசனா? நானா இருந்தா அந்தப் பொண்ணு தலையில நானே கொடத்தைத் தூக்கி வைப்பேன்!"

லயத்து வரிசை வீடுகளுக்கு நடுவிலுள்ள சுவர் கூரை வரைக்கும் போவதில்லை. அந்தப் பக்கமிருந்து சர்மிளாவின் குரல் தழுதழுத்தது.

"ரொம்ப நன்றிங்க மாமா! எத்தனை மணிக்கு வரணும்?"

அதற்கும் அப்பால் ஏதோ ஒரு காம்பிராவில் கைதட்டினார்கள்.

சோலைமலைக்கு முகம் சிவந்தது. மனைவியைப் பார்த்து, "எல்லாம் ஒன் வேலைதானே?" என்று பல்லிடுக்கில் கேட்டார்.

"நான் ஒண்ணும் செய்யலைங்க," என்றாள் ஜெயந்தினி. "மெதுவாப் படிங்கன்னு சொல்லாம இருந்தேன், அவ்வளவுதான்."